காலையில் முதல் அடி வைத்தாலே குதிகால் குத்துகிறது, வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

கேள்வி:
ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி வேலை. இரண்டு மாதமாக வலது குதிகாலின் அடியில், உள்பக்கமாகக் குத்துவலி. எழுந்ததும் முதல் சில அடிகள் ரொம்ப மோசம். நடக்க நடக்கக் குறைந்து சாயங்காலம் திரும்ப வந்துவிடும். கெண்டைக்காலும் இறுகிப்போகிறது. சர்க்கரை கிடையாது. கல் உப்பு வெந்நீரில் கொஞ்ச நேரம்தான் சுகம். எக்ஸ்ரேயில் எலும்பு வளர்ந்திருக்கிறதாம். ஆபரேஷன் வரை போகுமா?

பதில் 1:
அந்த எலும்பு முனை வலியே இல்லாத பலருக்கும் இருக்கும், பயப்படாதீங்க. பெரும்பாலும் இது பிளான்டார் ஃபேசியைடிஸ், அதாவது உள்ளங்கால் சவ்வில் வரும் வலி. குதிகாலிலிருந்து விரல் வரை போகும் தடித்த சவ்வு, தூங்கும்போது பாதம் தொங்கியே கிடப்பதால் இறுகிவிடும். முதல் அடியில் வெடுக்கென்று இழுபடும். அதனால கட்டிலை விட்டு இறங்கும் முன்பே ஆரம்பிக்கணும். வலிக்கிற காலை மற்ற தொடைமேல் போட்டு, விரல்களை முழங்கால் பக்கம் இழுத்துப் பிடிங்க. உள்ளங்காலில் நரம்பு மாதிரி ஒன்று விறைத்து நிற்கும், அதுதான் சரியான இழுப்பு. 10 நொடி வீதம் 10 முறை, நாளைக்கு மூணு வேளை.

கெண்டைக்காலுக்குச் சுவரில் கை ஊன்றி, வலிக்கிற காலைப் பின்னால் வைத்து, அதன் குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னால் சாய்ந்து 30 நொடி. முழங்காலை நீட்டி மூணு தடவை, லேசா மடக்கி மூணு தடவை. மடக்கினால்தான் உள்தசைக்குப் போகும். பலர் விடுவது இதைத்தான்.

சாயங்காலம், ஃப்ரீசரில் உறையவைத்த தண்ணி பாட்டிலைத் துணி சுற்றி உள்ளங்காலில் 10 நிமிஷம் உருட்டுங்க. வெந்நீர் கெண்டைக்காலுக்கு இதம். உப்பால் தனிப் பலன் கிடையாது.

பதில் 2:
இழுப்பு மட்டும் போதாது, பலமும் ஏறணும். சுருட்டிய துண்டைப் படி விளிம்பில் வைத்து விரல்களை அதன்மேல் ஏற்றி, குதிகாலை 3 நொடியில் உயர்த்தி, 2 நொடி நிறுத்தி, 3 நொடியில் இறக்குங்க. 12 தடவை, 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். முதலில் இரண்டு காலாலும், பழகினதும் ஒற்றைக்காலில். தினமும் செய்தால் வலி கூடலாம். பலன் தெரிய வாரக்கணக்காகும், இரண்டு வாரத்தில் விட்டுடாதீங்க. ஆபரேஷன் ரொம்ப அரிது.

வீட்டுக்குள்ளே டைல்ஸ் தரையில் வெறுங்கால் வேண்டாம். தேய்ந்த ஹவாய் செருப்பையும் தூக்கிப் போடுங்க. குதிகால் பக்கம் கொஞ்சம் உயர்ந்து, உள்வளைவைத் தாங்குற செருப்பா பாருங்க.

கேட்டவர்:
எண்ணெய் போட்டு நீவலாமா சார்? கடையில் உட்கார விடுவதில்லை.

பதில் 3:
கெண்டைக்காலை மெதுவா நீவலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் கையே வைக்காதீங்க. ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி. குதிகாலை இரண்டு பக்கமும் அமுக்கினால் உயிர் போகிற வலி என்றால் எலும்பில் விரிசலா என்று பார்க்கணும். சர்க்கரை உள்ளவங்க யாராவது இதைப் படித்தால், வெந்நீரும் ஐஸும் வேண்டாம். மரத்த காலுக்குச் சுடுவது தெரியாது.

உட்காருவது சலுகை இல்லை, உரிமை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் வந்த திருத்தப்படி ஊழியருக்கு இருக்கை கொடுத்தே ஆகணும். தொழிலாளர் துறையில் புகார் தரலாம். இருக்கை வரும்வரை ஒரு காலைச் சின்ன பலகைமேல் வைத்து, மாற்றி மாற்றி நில்லுங்க.