பம்ப் கேஜ் முழு வேக்யூம் காட்டியும் குமிழி வருகிறதே, ஏன்?

கேள்வி:
வணக்கம். எபாக்ஸி ரெசின், 4 லேயர் கிளாஸ் துணி வைத்து, ஒரு மீட்டர் நீள மூடி ஒன்றை இன்ஃபியூஷனில் (மோல்டில் உலர்ந்த துணியை விரித்து, மேலே பிளாஸ்டிக் பையால் மூடி, வேக்யூமால் ரெசினை உள்ளே இழுக்கும் முறை) செய்தேன். உள்மூலையில் வெறும் ரெசின் கண்ணாடி மாதிரி நிற்கிறது, நகம் பட்டாலே பெயர்கிறது. அப்புறம், ஒரு ஓரத்திலிருந்து ஊசிமுனை அளவுக் குமிழிகள் கோடு போட்டதுபோல உள்ளே போகின்றன. கேஜ் கடைசி வரை முழு வேக்யூம் காட்டியது. அப்படியானால் லீக் இல்லைதானே?

பதில்:
லீக்தான் தம்பி. பம்ப் ஓடும்போது கேஜை நம்பவே கூடாது. நுழைகிற காற்றைப் பம்ப் உடனுக்குடன் இழுத்துவிடும், முள் அசையாது. ரெசின் விடுமுன், ரெசின் உள்ளே வரும் இன்லெட் டியூபைக் கிளாம்ப் செய்து, பம்புக்குப் போகும் லைனையும் அடைத்துவிட்டு, பையோடு சேர்ந்த கேஜை அரை மணி நேரம் பாருங்கள். முள் இறங்கிக்கொண்டே போனால் அன்று ரெசின் கலக்காதீர்கள்.

எனக்கும் இதே குமிழிக் கோடு வந்திருக்கிறது. பம்பை நிறுத்திவிட்டு ஓரமாகக் காதை வைத்துக்கொண்டே போனேன். ஓரிடத்தில் மெல்லிய 'உஸ்'. பையை மோல்டோடு ஒட்டும் சீலன்ட் டேப்புக்கு அடியில் ஒரே ஒரு கிளாஸ் நூல் குறுக்கே கிடந்தது. நூல் என்றாலும் அதில் நூற்றுக்கணக்கான இழைகள். அந்த இடுக்கில் காற்று ஊர்ந்து வந்திருக்கிறது. அன்றிலிருந்து துணி விரிக்குமுன்பே டேப்பை ஒட்டிவிடுவேன், மேல் காகிதத்தைப் பை மூடும்போதுதான் உரிப்பேன். உதிர்ந்த நூல் காகிதத்தோடு போய்விடும்.

மூலையில் நடந்தது பிரிட்ஜிங். பை போதாமல் குறுக்கே விறைத்து நின்றிருக்கும், துணி மோல்டைத் தொடாது, அந்த இடைவெளியில் ரெசின் தேங்கும். பையைப் பெரிதாக வெட்டி, ஒவ்வொரு உள்மூலைக்கும் நேராக ஒரு மடிப்பு விடுங்கள். பை லேசாக ஒட்டத் தொடங்கியதும் பம்பை நிறுத்தி, மடிப்பை விரலால் மூலைக்குள் தள்ளுங்கள். முழு வேக்யூமில் சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 10 டன் அழுத்தம், அதற்குப் பிறகு பை நகராது. பீல் ப்ளையும் (கிளாஸ் துணி மேல் விரித்து, ரெசின் இறுகியதும் உரித்தெடுக்கும் துணி) மூலையில் விறைக்கும், அதையும் பாருங்கள்.

இன்னொருவர்:
ரெசின் வாளியையும் கவனியுங்கள். டியூப் ஒரு நொடி காற்றை உறிஞ்சினாலும் குமிழிதான். ஆனால் அது இன்லெட் பக்கமிருந்து பரவும்.

கேட்டவர்:
அண்ணா, குப்பையில் கிடந்த பழைய பையை எடுத்து விரித்தேன். குமிழி தொடங்கிய அதே ஓரத்தில், டேப்பில் இரண்டு நூல்! இன்று புதுப் பை, மூலைக்கு ஒரு மடிப்பு. கிளாம்ப் செய்து 20 நிமிடம் ஆகிறது, முள் அசையவில்லை. இன்னும் 10 நிமிடம் பார்த்துவிட்டு ரெசின் கலக்குகிறேன்.