மைக்ரோசாட்டிலைட்: துணைக்கோளா, அடுக்கா?

குழுவினருக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமை அச்சகம் போக வேண்டிய செய்முறைக் கையேட்டில் ஒரு சொல் மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. இராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காட்டு அலையாத்திகள் மரத்துக்கு மரம் மரபணுவில் எவ்வளவு வேறுபடுகின்றன என்று எங்கள் மாணவர்கள் பார்க்கப் போகிறார்கள். டி.என்.ஏ. பிரித்தெடுப்பு எழுதியாகிவிட்டது. (இலையில் பாலிபீனாலும் வழுவழுப்பும் மிகுதி; சரியாக நீக்காவிட்டால் கரைசல் பழுப்பேறிக் கஞ்சியாகிவிடும் என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.) 'மைக்ரோசாட்டிலைட்' என்பதற்குத் தமிழ்ச்சொல் போட வேண்டிய இடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது.

போன ஆண்டு 'நுண்துணைக்கோள்' என்று எழுதியவன் நானேதான். "ஐயா, இதை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தா விடுவார்கள்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான். தப்பு அவன்மேல் இல்லை. மையவிலக்கியில் டி.என்.ஏ. அடர்த்திவாரியாகப் பிரிந்தபோது முதன்மைப் பட்டையை ஒட்டித் தனியே நின்ற சிறு பட்டைக்கு வைத்த பெயர் சாட்டிலைட். அந்தக் கதை நமக்கு எதற்கு? பொருளைப் பிடிப்போம்.

டி.என்.ஏ.வின் எழுத்துகள் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு. மைக்ரோசாட்டிலைட்டில் சி.ஏ. சி.ஏ. சி.ஏ. என்று, 1 முதல் 6 எழுத்து வரையுள்ள துணுக்கு அடுக்கடுக்காக வருகிறது. நகலெடுக்கும் நொதி வழுக்கினால் ஓர் அடுக்கு கூடும், அல்லது குறையும். ஒரு மரத்தில் 12 என்றால் பக்கத்து மரத்தில் 15. தாய்வழி வந்த நீளமும் மகரந்தவழி வந்த நீளமும் தனித்தனியே தெரியும். அடுக்குதான் இதன் பொருள்; ஆகவே, என் பரிந்துரை 'நுண்ணடுக்கு'.

பரமக்குடித் தமிழாசிரியர் எழுதியது:

நான்கு முறைக்கு மேல் அடுக்க நன்னூலார் விடவில்லை. தங்கள் மரம் பன்னிரண்டு முறை அடுக்குகிறது! தவிர, சி.ஏ.வுக்குத் தனியே பொருள் உண்டா? இல்லையென்றால் அது இரட்டைக்கிளவியின் இனம். 'நுண்கிளவி' என்க. கையேட்டில் அலையாத்திக்கு ஆத்தி மரத்தோடு உறவு சொல்லியிருக்கிறீர்கள். அலையை ஆற்றுவது அலையாத்தி. சோழர் சூடிய ஆத்தி வேறு. இதைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

கீழக்கரை நண்பர் எழுதியது:

தனி மடல் வேண்டாம் ஐயா, போன மடலே இன்னும் முடியவில்லை. டி.என்.ஏ. துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் அகரோஸ் ஜெல்லுக்குக் கையேட்டில் 'கூழ்மம்' எதற்கு? நோன்புக்கு எங்கள் வீட்டில் பாலும் சர்க்கரையும் விட்டுக் காய்ச்சி, ஆறவைத்துத் துண்டு போடுகிற கடல்பாசியின் உடன்பிறப்புதானே அது? பாம்பன் பெண்கள் முக்குளித்து எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அகர்தான் எடுக்கிறார்கள். 'பாசிக்களி' என்றால் இந்தக் கரையில் எவருக்கும் புரியும். மற்றதை மைக்ரோசாட்டிலைட் என்றே விடுங்கள். நேர்முகத் தேர்வில் பிள்ளை அதைத்தான் சொல்லியாக வேண்டும்.

மீண்டும் நான்:

பாசிக்களியை எடுத்துக்கொண்டேன். ஆனால் ஓர் அடுக்கு, அதாவது 2 எழுத்து வேறுபாட்டைச் சாதாரணப் பாசிக்களியில் பிரித்துப் பார்ப்பது நடக்காத காரியம். அதற்குப் பாலிஅக்ரிலமைடு என்ற செயற்கைக் களி வேண்டும். அதில் பாசியும் இல்லை, பாம்பனும் இல்லை. நன்னூலார் எல்லை கட்டியது சொல்லுக்கு, அலையாத்திக்கு அல்ல.

நேற்றிரவு வரை நுண்ணடுக்குக்கு 5 பேர், மைக்ரோசாட்டிலைட்டுக்கு 3 பேர், நுண்கிளவிக்கு ஆசிரியர் ஒருவர். நுண்ணடுக்கு அச்சுக்குப் போகிறது. முதல் முறை வரும் இடத்தில் மட்டும் மைக்ரோசாட்டிலைட்டும் உடன் நிற்கும்.

தமிழாசிரியர்:

என் மறுப்பைப் பதிவு செய்க.

நான்:

பதிவு செய்துவிட்டேன் ஐயா. தங்களிடம் இருக்கும் மூன்றாம் இயலின் மெய்ப்பை வியாழன் மாலைக்குள் அனுப்பிவிடுங்கள்.