கிளையன்ட் காசில் எழுதிய பேட்சை ட்ரூபலுக்குத் திருப்பிக் கொடுக்கலாமா? தனியாக வேலை செய்பவர்கள் சொல்லுங்கள்

மாடியறை_நிரலர்

வணக்கம் நண்பர்களே. நான் ஈரோட்டில் நான்கு வருடமாகத் தனியாக வெப் டெவலப்மென்ட் செய்கிறேன், பெரும்பாலும் ட்ரூபல் (வெப்சைட் கட்ட உதவும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்) சைட்டுகள். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு ட்ரூபல் 7-க்கு ஆதரவு நின்றுபோனதால், அதுவரை தள்ளிப்போட்டவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து நிற்கிறார்கள். வேலைக்குக் குறைவில்லை.

போன மாதம் ஒரு தனியார் பால் நிறுவனத்தின் சைட்டைப் புது வெர்ஷனுக்கு மாற்றிக் கொடுத்தேன். அதில் அறிவிப்புத் தலைப்புகளைக் குறிப்பிட்ட நீளத்தில் வெட்டிக் காட்ட ஒரு காண்ட்ரிப் மாட்யூல் (ட்ரூபலோடு வராமல் மற்றவர்கள் எழுதிப் பொதுவில் வைத்திருக்கும் துணை நிரல்) போட்டிருக்கிறோம். ஆங்கிலத் தலைப்பென்றால் ஒழுங்காக வெட்டுகிறது. தமிழில் "பால் கொள்முதல் விலை" என்று இருந்தால் "பால் க..." என்று நிற்கிறது, கொம்பும் காலும் காணோம். வேறு சில தலைப்புகளில் கடைசியில் கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி வருகிறது. மாட்யூலைத் திறந்து பார்த்தால் சாதாரண சப்ஸ்டர் (எழுத்துத் தொடரை வெட்டும் பிஹெச்பி மொழிக் கட்டளை). நான் அதை எம்பி_சப்ஸ்டர் ஆக்கினேன், கேள்விக்குறி போய்விட்டது. பத்து நாள் கழித்து கம்போசர் (மாட்யூல்களைப் புதுப்பிக்கும் கருவி) அப்டேட் ஓட்டியதும் என் மாற்றமும் சேர்ந்து போய்விட்டது. இப்போது தனி பேட்ச் ஃபைலாக (மாற்றிய வரிகளை மட்டும் குறித்த ஃபைல்) வைத்திருக்கிறேன்.

இதை அந்த மாட்யூலின் இஷ்யூ வரிசையில் (கோளாறுகளையும் திருத்தங்களையும் பதியும் பொதுப் பட்டியல்) போட்டுவிட்டால் எல்லாருக்கும் உதவுமே என்று அந்தப் பால் நிறுவனத்தின் மேனேஜரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "நாங்க காசு கொடுத்து செஞ்ச வேலைய ஊருக்கே ஏன் தூக்கிக் கொடுக்கணும்?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சட்டப்படி யாருடைய கோட் இது? அனுப்பினால் வம்பு வருமா? இன்னொன்று, இதற்குச் செலவாகும் நேரத்துக்கு யார் காசு கொடுப்பார்கள் என்று நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தறிக்காரன்

தம்பி, முதலில் அந்த பேட்சைப் பற்றி. எம்பி_சப்ஸ்டர் பாதி வேலைதான் செய்திருக்கிறது. "கோவில்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் க, ஓகாரக் குறி, வ, இகரக் குறி, ல, புள்ளி என்று 6 குறியீடுகள். யுடிஎஃப்-8-இல் சேமித்தால் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், மொத்தம் 18. சப்ஸ்டர் பைட்டை எண்ணும், அதனால்தான் ஒரு குறியீட்டின் நடுவிலேயே அறுத்துக் கேள்விக்குறி வந்தது. எம்பி_சப்ஸ்டர் குறியீட்டை எண்ணும், அதனால் கேள்விக்குறி போகும், ஆனால் "கோ" இன்னமும் "க" ஆகும். "பால்" என்பது "பால" ஆகும். உங்கள் சைட்டில் வேறு வேறு நீளத்துக்கு வெட்டிப் பாருங்கள், கட்டாயம் வரும்.

எழுத்தாக எண்ண வேண்டுமென்றால் பிஹெச்பியில் கிராஃபீம்_சப்ஸ்டர் இருக்கிறது, ஆனால் அது இன்டல் (intl) என்ற கூடுதல் எக்ஸ்டென்ஷனோடு வருவது, எல்லா ஹோஸ்டிங்கிலும் இருக்கும் என்று நம்ப முடியாது. அது இல்லாத இடத்தில் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (எழுத்து வடிவங்களைத் தேடும் முறை) பின்சாய்கோட்டோடு கேபிடல் எக்ஸ் போட்டு, யு மாடிஃபையரும் சேர்த்தால் அதே வேலை நடக்கும். க்ஷ, ஸ்ரீ இரண்டையும் இதுவும் இரண்டிரண்டாகத்தான் பிரிக்கும், அதைத் தனியாகப் பாருங்கள். இன்னும் எளிய வழி வேண்டுமா, ட்ரூபல் கோரிலேயே (அதன் அடிப்படை நிரலிலேயே) யூனிகோட் கிளாசில் ட்ரன்கேட் என்று ஒன்று இருக்கிறது. அதில் வேர்ட்சேஃபை ட்ரூ என்று கொடுத்தால் சொல்லின் நடுவில் வெட்டாமல் இடைவெளி பார்த்து வெட்டும். கோரில் இருப்பதையே பயன்படுத்துகிற பேட்ச் என்றால் மெயின்டெயினர் (மாட்யூலைப் பராமரிப்பவர்) எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். இடைவெளியே இல்லாத நீளச் சொல் வந்தால் மட்டும் பழைய கோளாறு தலைகாட்டும்.

அந்த மாட்யூலை எழுதியவருக்குத் தமிழ் தெரிந்திருக்காது. அவருடைய திரையில் இந்தக் கோளாறு வந்திருக்கவே வந்திருக்காது. நாம் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை என்பதால்தான் இவ்வளவு தூரம் எழுதுகிறேன். மலையாளம், இந்தி, வங்காளம் எல்லாவற்றிலும் இதே உடைசல்தான்.

ஷரத்து

உரிமை பற்றி நான் சொல்கிறேன். ட்ரூபலும் அதன் தளத்தில் இருக்கிற மாட்யூல்களும் ஜிபிஎல் (யாரும் மாற்றிப் பகிரலாம் என்கிற கட்டற்ற மென்பொருள் உரிமம்) இரண்டாம் பதிப்பு அல்லது அதற்குப் பிந்தையது என்ற உரிமத்தில் வருகின்றன. நிறுவனம் தன் சர்வரில் மாற்றி ஓட்டிக்கொள்வது விநியோகம் ஆகாது, வெளியிட்டே ஆக வேண்டும் என்று ஜிபிஎல் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்த அளவில் மேனேஜர் பயப்பட ஒன்றுமில்லை. அதே சமயம், வெளியே கொடுக்கக் கூடாது என்று உங்களைத் தடுக்கும் உரிமை தானாக அவருக்கு வந்துவிடுவதும் இல்லை.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 17-ஐப் பாருங்கள். சம்பளத்துக்கு வேலை செய்கிற ஊழியர் எழுதினால் முதல் உரிமை முதலாளிக்கு. நீங்கள் ஊழியர் இல்லை, ஒப்பந்தத்துக்கு வேலை செய்து தருபவர், அதனால் எழுதிக்கொடுக்காத வரை நிரலின் முதல் உரிமை உங்களுக்குத்தான். உரிமையை மாற்றுவதென்றால் பிரிவு 19-இன்படி எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். அரசுத் துறைக்கு அவர்கள் மேற்பார்வையில் செய்த வேலை என்றால் கதை வேறு, அங்கே முதல் உரிமை அரசுக்கு.

ஆனால் நீங்கள் ஏற்கெனவே எதில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்பதை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். நெட்டிலிருந்து எடுத்த ஒப்பந்த மாதிரிகளில் "எல்லா வேலைப்பயனும் கிளையன்டுக்கே" என்று ஒரு வரி சத்தமில்லாமல் இருக்கும், ரகசியக் காப்பு ஷரத்தும் இருக்கும். நான் இப்போதெல்லாம் கொட்டேஷனிலேயே ஒரு வரி போட்டுவிடுகிறேன்: "ட்ரூபல் கோரிலும் பொது மாட்யூல்களிலும் செய்யும் பொதுவான திருத்தங்கள் அந்தத் திட்டங்களுக்கே திருப்பி அனுப்பப்படும், நிறுவனத்தின் தரவு, வடிவமைப்பு, தனி மாட்யூல்கள் எதுவும் வெளியே போகாது." முதலிலேயே எழுத்தில் இருந்தால் யாரும் மறுப்பதில்லை. வேலை முடிந்து பில் பாக்கி இருக்கிற நேரத்தில் கேட்டால்தான் சிக்கல்.

மாடியறை_நிரலர்

ரொம்ப நன்றி அண்ணா, இருவருக்கும். "பால" வருவதை இப்போதுதான் பார்த்தேன், சரியாகச் சொன்னீர்கள். ஒப்பந்தம் என்று எதுவும் இல்லை, மின்னஞ்சலில் விலை பேசியதோடு சரி. இன்னும் இரண்டு தயக்கம் இருக்கிறது. என் ஆங்கிலம் சுமார், உலகம் முழுக்கப் பார்க்கிற இடத்தில் எழுதக் கூச்சமாக இருக்கிறது. அப்புறம் அந்த நேரக் கணக்கு, அதை யாராவது சொல்லுங்களேன்.

நீலமலர்

தம்பி, நான் பதினோரு வருடமாக இதே வேலையில் இருக்கிறேன், அக்கா என்றே கூப்பிடலாம். ஆங்கிலத்தை விடுங்கள். என்ன செய்தேன், என்ன வரும் என்று நினைத்தேன், என்ன வந்தது, இந்த மூன்றையும் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதி ஸ்கிரீன்ஷாட் வையுங்கள். "பால் க..." என்ற அந்தத் தலைப்பையே படம் எடுத்து, பக்கத்தில் சரியான வடிவத்தையும் வைத்தால் தமிழ் ஒரு எழுத்தும் தெரியாதவருக்குக்கூடப் புரியும். கூடவே பிஹெச்பியூனிட் டெஸ்ட் (நிரல் சரியாக ஓடுகிறதா என்று தானாகச் சோதிக்கும் சின்ன நிரல்) ஒன்று, "கோவில்" என்ற உள்ளீட்டோடு. டெஸ்ட் இல்லாத இஷ்யூ "நீட்ஸ் வொர்க்" நிலைக்குத் திரும்பி வந்து மாதக்கணக்கில் கிடப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நேரக் கணக்குக்கு என் வழி இதுதான். கிளையன்டின் சைட்டில் வந்த கோளாறு என்றால், அதைத் திட்டத்துக்கு அனுப்பும் நேரமும் அந்த வேலையில் அடக்கம், பில்லில் வரும். மேனேஜரிடம் தர்ம காரியம் என்று பேசாதீர்கள். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் இந்த பேட்ச் ஒட்டுகிறதா, மோதுகிறதா என்று நான் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அதற்கு வருடா வருடம் உங்களிடம் காசு வாங்குவேன், மாட்யூலுக்குள் சேர்ந்துவிட்டால் அந்தச் செலவு இல்லை என்று கணக்காகச் சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்லலாம். 2015-லிருந்து ட்ரூபல் தளத்தில் ஒவ்வொரு இஷ்யூவுக்கும் கிரெடிட் கொடுக்கும் முறை இருக்கிறது. சொந்த நேரத்தில் செய்தேனா, எந்த நிறுவனத்துக்காக, எந்த வாடிக்கையாளருக்காகச் செய்தேன் என்று குறிப்பிடலாம். அந்தத் தளத்தில் நிறுவனத்துக்கு ஒரு பக்கம் இருந்தால் அவர்கள் பெயரும் வரும். என் கிளையன்ட் ஒருவர் அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்துத் தன் டைரக்டரிடம் காட்டினார்.

எல்லை வைத்துக்கொள்ளுங்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆர்வத்தில் ஒரு மாட்யூலின் மெயின்டெயினர் பொறுப்பை ஏற்று இரண்டரை வருடம் சும்மாவே பார்த்தேன். பெரிய நிறுவனங்களின் ஆட்கள் வந்து "எங்களுக்கு வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்" என்று எழுதுவார்கள். மகளின் பரீட்சை நேரத்தில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யாருக்கோ மைக்ரேஷன் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பக்கத்திலேயே "இணை மெயின்டெயினர் தேவை" என்று எழுதி, வந்த இருவரிடம் ஒப்படைத்துவிட்டு விலகினேன். அந்த இருவரும் இன்றும் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். அதை முதல் வருடமே செய்திருக்க வேண்டும்.

கல்லாறு

அக்கா சொன்னதோடு ஒரு சின்ன மாற்றுக் கருத்து. கிரெடிட் ஏறினால் வேலை வரும் என்று நம்பி இறங்காதீர்கள், எனக்கு அப்படி நேரடியாக ஒரு வேலையும் வந்ததில்லை. வந்ததெல்லாம் இஷ்யூக்களில் அடுத்தவர் பேட்சை டெஸ்ட் செய்து, எங்கே உடைகிறது என்று பொறுமையாக எழுதியதால் பழக்கமானவர்களிடமிருந்து. உங்கள் பேட்சை யாராவது ரிவ்யூ செய்து ஆர்டிபிசி (மற்றவர்கள் பார்த்து, டெஸ்ட் செய்தாயிற்று என்ற) நிலைக்கு நகர்த்தினால்தான் அது முன்னே போகும், நீங்களே நகர்த்திக்கொள்வது மரபில்லை. அதனால் காத்திருக்கும் நாட்களில் அதே வரிசையில் இரண்டு பேருடையதை நீங்கள் பாருங்கள். புதிதாக இஷ்யூ திறப்பதற்கு முன் பழையதைத் தேடவும் மறக்காதீர்கள், அரபிக்கோ தாய்லாந்து மொழிக்கோ யாராவது இதையே முன்பு புகார் செய்திருக்கலாம்.

மாடியறை_நிரலர்

தேடினேன். கல்லாறு அண்ணா சொன்னது அப்படியே, தாய்லாந்து மொழிக்காரர் ஒருவர் மூன்று வருடம் முன்பே திறந்து வைத்திருக்கிறார், பேட்ச் இல்லாமல் கிடக்கிறது. மேனேஜரிடம் அக்கா சொன்ன வருடச் செலவுக் கணக்கைச் சொன்னேன், "சரி, எங்க பேரும் வருமா?" என்று கேட்டார். மின்னஞ்சலில் எழுதி வாங்கிவிட்டேன். கோரின் ட்ரன்கேட்டை வைத்து மாற்றி, ஒற்றைச் சொல் நீளமாக வந்தால் மட்டும் கேபிடல் எக்ஸ் வழி. டெஸ்டில் "கோவில்", "கொள்முதல்" இரண்டும் இருக்கின்றன. இன்று இரவு மெர்ஜ் ரிக்வெஸ்ட் (மாற்றத்தை மாட்யூலில் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) போடுகிறேன்.

தறிக்காரன்

போட்டதும் இஷ்யூ எண்ணை இங்கே எழுதுங்கள் தம்பி. என்னிடம் ஒரு பள்ளியின் சைட் அதே மாட்யூலோடு இருக்கிறது, இன்டல் இல்லாத ஹோஸ்டிங். சனிக்கிழமை அதில் ஓட்டிப் பார்த்து ரிவ்யூ எழுதுகிறேன்.