ஃபராமிரை இப்படிச் செய்திருக்க வேண்டாம்

டோல்கீன் எழுதிய லார்ட் ஆஃப் தி ரிங்ஸ், ஹாபிட் கதைகளைப் படித்துவிட்டுப் படம் பார்க்கப் போனவர்களும் சரி, படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வந்தவர்களும் சரி, உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். நான் முதல் ரகம். 2001-இல் வந்த முதல் லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் படத்தில் எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. டோல்கீன் கதைகளுக்குப் பல காலமாக ஓவியம் வரைந்துவந்த ஆலன் லீ, ஜான் ஹோ இருவரையும் இயக்குநர் பீட்டர் ஜாக்சன் நியூசிலாந்துக்கே வரவழைத்து வேலை வாங்கியிருந்தார், அதனால் ஹாபிட்டன் கிராமமும் மோரியா சுரங்கமும் மனதில் இருந்ததோடு மோதவே இல்லை. புத்தகத்தில் காட்டில் வாழும் டாம் பாம்படிலைக் காணோம் என்று கூட வந்த நண்பர்கள் குதித்தார்கள். மூன்று மணி நேரப் படத்தில் அந்த ஆளுக்கு எங்கே இடம், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது படத்தில்தான் வயிறு எரிந்தது. ஃபராமிர்! கோண்டோர் நாட்டுத் தளபதி. வைத்திருப்பவரை மயக்கிக் கெடுக்கும் மோதிரத்தை அழிக்க ஃப்ரோடோவும் அவன் துணை சாமும் எடுத்துப்போகும் வழியில் இவனிடம் சிக்குகிறார்கள். புத்தகத்தில் சாம் வாய் தவறி மோதிரத்தைப் பற்றி உளறிவிடுகிறான், ஃபராமிர் எழுந்து நிற்கிறான், போச்சு, எல்லாம் முடிந்தது என்று நமக்குத் திக்கென்கிறது, அப்புறம் பார்த்தால் மெல்லச் சிரித்துக்கொண்டே மறுபடி உட்கார்ந்துவிடுகிறான். வழியில் கிடந்தாலும் இதை எடுக்க மாட்டேன் என்று முன்பே சொன்ன ஆள், சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான். அண்ணன் போரோமிர் எந்த மோதிர ஆசையில் விழுந்தானோ அதைத் தம்பி தாண்டிவிடுகிறான், அந்த அத்தியாயத்தின் உயிரே அதுதான். படத்தில் இவனே ஃப்ரோடோவை மோதிரத்தோடு ஓஸ்கிலியாத் என்ற இடிந்த நகரம் வரை இழுத்துக்கொண்டு போகிறான். திரைக்கதை எழுதியவர்கள் சொன்ன காரணம் எனக்கும் தெரியும். மோதிரத்துக்கு எல்லோரும் மயங்குவதாக அவ்வளவு நேரம் காட்டிவிட்டு ஒருத்தன் மட்டும் அசையாமல் இருந்தால் மோதிரத்தின் மேல் உள்ள பயமே போய்விடுமாம். தவிர, ஷெலாப் சிலந்தியை மூன்றாவது படத்துக்குத் தள்ளிவிட்டதால் இங்கே வேறு ஏதாவது ஆபத்து தேவைப்பட்டது. நியாயம்தான், ஆனாலும் மனசு ஒப்பவில்லை. ஒரு ஆளை வெட்டினால் பொறுத்துக்கொள்ளலாம், அவன் குணத்தையே மாற்றினால் எப்படி?

*

நான் நேர் எதிர். மூன்று படத்தையும் பார்த்துவிட்டுத்தான் புத்தகத்தைக் கையில் எடுத்தேன். அப்பாவின் ஒரு நல்ல வார்த்தைக்காக ஏங்கும் பிள்ளையாகத்தான் ஃபராமிரை எனக்குப் பழக்கம், புத்தகத்தில் பார்த்தபோது இவ்வளவு நல்லவனா என்று சந்தேகமே வந்தது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எனக்குக் கோபம் வந்தது கடைசியில். முடிசூட்டு விழாவும் முடிந்து சின்ன உருவ ஹாபிட்கள் நாலு பேரும் (ஃப்ரோடோ, சாம், மெர்ரி, பிப்பின்) ஊர் திரும்பினால் ஷயரில் மரங்களை வெட்டித் தள்ளியிருக்கிறார்கள், அடியாட்கள் ஊரை ஆள்கிறார்கள், பின்னாலிருந்து எல்லாவற்றையும் ஆட்டிவைப்பவன் கெட்ட மந்திரவாதி சாருமான்! நல்ல மந்திரவாதி காண்டால்ஃப் துணைக்கு வருவதில்லை, இவர்களே ஊர்க்காரர்களைத் திரட்டிச் சண்டை போட்டு விரட்டுகிறார்கள். அதுவரை மற்றவர்கள் முதுகிலும் குதிரையிலும் போன மெர்ரியும் பிப்பினும் அங்கேதான் பெரிய மனுஷர்கள் ஆகிறார்கள். படத்தில் பார்த்தால் ஊர் இவர்கள் விட்டுவிட்டுப் போன மாதிரியே இருக்கிறது, நாலு பேரும் மதுக்கடையில் கோப்பையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். சரி, 11 ஆஸ்கர் வாங்கிய அந்த மூன்றாவது படத்துக்கு, முடிந்தது முடிந்தது என்று எழுந்தால் மறுபடி ஆரம்பிக்கிறது என்ற கெட்ட பெயர் ஏற்கெனவே உண்டு. இதையும் சேர்த்திருந்தால் பாதித் தியேட்டர் காலியாகியிருக்கும்.

*

தலைவரே, ஒரு ஃபராமிருக்கே இப்படி என்றால் ஹாபிட் பார்த்த எங்கள் கதி? முந்நூறு பக்கம் போல இருக்கிற பிள்ளைகள் கதை, 2012-இலிருந்து 2014 வரை வருஷத்துக்கு ஒன்றாக மூன்று படம். புத்தகத்தில் குள்ளர்களைப் பீப்பாய்களுக்குள் அடைத்து மூடி ஆற்றில் உருட்டிவிட்டு, கதாநாயகன் பில்போ ஒரு பீப்பாய் மேல் தொற்றிக்கொண்டு இரவெல்லாம் நனைந்து போகிறான், சளி பிடித்து விருந்தில் ஒரு நன்றி கூட ஒழுங்காகச் சொல்ல வராது. எனக்கு எப்போது படித்தாலும் சிரிப்பு வரும் இடம். படத்தில் பீப்பாய்களுக்கு மூடியே இல்லை, ஆர்க் என்ற அரக்கர் கூட்டம் துரத்துகிறது, அந்தப் புத்தகத்திலேயே இல்லாத லெகோலஸ் என்ற வில்லாளி குள்ளர்கள் தலைமேல் கால் வைத்துத் தாவிக்கொண்டே அம்பு விடுகிறான். பக்கத்து சீட்டில் விசில் பறந்தது, நான் பாப்கார்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நொடிக்கு 48 ஃபிரேம் என்று வேறு எடுத்துவைத்து, பாதி இடத்தில் சீரியல் செட் மாதிரி தெரிந்தது.

ஆனால் முதல் பாகத்தில் பில்போவும், குகையில் வாழும் கோலம் என்ற பிராணியும் விடுகதை போட்டுக்கொள்கிற இடம் இருக்கிறதே, அதில் கை வைக்க ஒன்றும் இல்லை. அந்த ஒரு காட்சிக்காக டிவிடி வாங்கியவன் நான்.

*

முதலில் எழுதியவருக்கு: அதே ஃபராமிருக்காக மூன்றாவது படத்தில் ஒன்று செய்திருக்கிறார்களே. அப்பா டெனெதர் அவனைச் சாவுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்து தக்காளியைக் கடிக்கிறார், சாறு மோவாயில் வழிகிறது, பிப்பின் பாடுகிறான், அங்கே ஃபராமிரின் குதிரைகள் பாய்கின்றன. பாட்டின் வரிகள் புத்தகத்தில் ஷயரில் ஜாலியாக நடந்துபோகும்போது ஹாபிட்கள் பாடுவது, மெட்டுப் போட்டது பிப்பினாக நடித்த பில்லி பாய்டே. எங்கோ இருந்த பாட்டைப் பிடுங்கி இங்கே நட்டிருக்கிறார்கள், டோல்கீனே இந்த இடத்தில் இவ்வளவு கலங்க வைக்கவில்லை என்பேன், அடிக்க வராதீர்கள். இதில் நஷ்டமும் உண்டு, இப்போதெல்லாம் அந்தப் பாட்டு வரும் ஷயர் அத்தியாயத்தைப் படித்தால் சந்தோஷம் வருவதில்லை, தக்காளிதான் ஞாபகம் வருகிறது.

அப்புறம், பாம்படிலைக் கேட்டவர்களிடம் சொல்லுங்கள், 2024-இல் ரிங்ஸ் ஆஃப் பவர் தொடரின் இரண்டாவது சீசனில் அவர் வந்தாயிற்று. ஆனால் அவருடைய பழைய காட்டில் இல்லை, ரூன் பாலைவனத்தில் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு வந்து திட்டுவதைத் தனிப் பதிவாகப் போடுங்கள்.