பள்ளியில் சிறுநீரை அடக்கியே வைத்திருக்கிறாள், என்ன செய்வது?

குட்டிப்பாப்பாஅம்மா:
மகள் ஒன்றாம் வகுப்பு. காலையில் நிரப்பிக் கொடுக்கும் தண்ணீர் பாட்டில் மாலையில் கிட்டத்தட்ட அப்படியே திரும்பி வருகிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடுகிறாள். கேட்டால் "ஸ்கூல்ல எனக்கு வரல" என்கிறாள், அவ்வளவுதான். நேற்றிலிருந்து அடிவயிறு வலிக்கிறதாம். போதாக்குறைக்கு அடிக்கடி சளி வேறு. டீச்சரிடம் கேட்டால் குறை சொல்வதாக நினைத்துவிடுவார்களோ என்று தயக்கமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்.

வார்டுநர்ஸ்:
வலி என்று சொல்லிவிட்டாள் அல்லவா, முதலில் டாக்டரிடம் காட்டி சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள் சகோதரி. காய்ச்சலோ, போகும்போது எரிச்சலோ, முதுகு வலியோ, வாந்தியோ இருந்தால் இன்றைக்கே போங்கள். பெண் குழந்தைகளுக்குச் சிறுநீர்க் குழாய் நீளம் குறைவு, அதனால் கிருமி சீக்கிரம் ஏறிவிடும். முன்னாலிருந்து பின்னால் துடைக்கப் பழக்குங்கள். மலம் ஒழுங்காகப் போகிறாளா என்றும் பாருங்கள். குடலில் மலம் கெட்டிப்பட்டுத் தேங்கினால் அது சிறுநீர்ப்பையை அழுத்தும். இதைப் பலரும் யோசிப்பதே இல்லை. சளியைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம், இந்த வயதில் வருடத்துக்கு 6 முதல் 8 தடவை வருவது சகஜம்.

சின்னவகுப்புடீச்சர்:
பல வருடமாகச் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் பாடம் எடுக்கிறேன். தயங்காமல் டீச்சரிடம் பேசுங்கள். இதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டோம். நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு குழந்தை தண்ணீரே குடிக்கவில்லை என்பது எங்கள் கண்ணுக்குத் தப்பிவிடும்.

ஏன் போகவில்லை என்று கேட்டால் பிள்ளைகள் பதில் சொல்ல மாட்டார்கள். வேறு மாதிரி கேளுங்கள். கதவுத் தாழ்ப்பாள் எட்டுகிறதா? உள்ளே வெளிச்சம் இருக்கிறதா? தரை ஈரமா? யாராவது கதவைத் தள்ளுகிறார்களா? ஃப்ளஷ் சத்தம் பயமா? என் வகுப்பில் ஒரு பையன் காலை இறுக்கிக்கொண்டு என் மேசை ஓரமாக வந்து நிற்பான், வாய் திறக்க மாட்டான். பார்த்தால் பெல்ட் பக்கிளை அவனால் கழற்ற முடியவில்லை. பெல்ட் வேண்டாம், எலாஸ்டிக் வைத்த டிரவுசர் போடுங்கள் என்று வீட்டில் சொன்னோம், பிரச்சனை தீர்ந்தது. அதனால் பள்ளிக்குப் போட்டுப்போகும் அதே உடையில், உங்கள் உதவி இல்லாமல், வீட்டில் போய்வரச் சொல்லிப் பாருங்கள். எங்கே திணறுகிறாள் என்று தெரிந்துவிடும்.

தண்ணீரைக் குறைத்துக்கொள்வது பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கும் வழி. அதில்தான் எரிச்சலும் மலச்சிக்கலும் கூடும். வந்தவுடன், இடைவேளையில், சாப்பாட்டுக்கு முன், கிளம்பும் முன் என்று நேரம் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். நடுவில் அவசரம் என்றால் எல்லார் முன்னாலும் கேட்க வெட்கப்படுவாள். காதைத் தொட்டுக் காட்டினால் போதும் என்று டீச்சரோடு பேசி வைத்துக்கொள்ளலாம்.

கை கழுவ சோப்பும் தண்ணீரும்தான் முதலில், 20 விநாடி. சானிடைசர் அழுக்கைப் போக்காது, வாந்தி பேதி உண்டாக்கும் சில வைரஸ்களிடம் சரியாக எடுபடாது.

இன்னொன்று, இதைக் கட்டாயம் செய்யுங்கள். பாத்ரூமில் அவளுக்கு உதவுவது யார் என்று பள்ளியிடம் கேட்டு, அவளுக்கும் சொல்லி வையுங்கள். வேறு யார் உள்ளே வந்தாலும், தொட்டுவிட்டு வீட்டில் சொல்லாதே என்று யார் சொன்னாலும் உடனே உங்களிடம் சொல்ல வேண்டும், நீங்கள் திட்டவே மாட்டீர்கள் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

இரண்டுபிள்ளைஅப்பா:
சளி பற்றி மட்டும். வெறும் மூக்கு ஒழுகலுக்கு லீவு போட வேண்டியதில்லை. ஆனால் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் தொட்டால் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினால் மருந்தின் வேகம் குறைந்ததும் வகுப்பிலேயே காய்ச்சல் ஏறும், பக்கத்துப் பிள்ளைக்கும் பரவும். மருந்தில்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்தால் அனுப்பலாம். வாந்தி பேதி என்றால் நின்று 48 மணி நேரம்.

குட்டிப்பாப்பாஅம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பரிசோதனையில் தொற்று இல்லை. மலச்சிக்கல்தானாம், மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். டீச்சர் சொன்ன மாதிரியே கேட்டேன், பெரிய வகுப்புப் பிள்ளைகள் கதவைத் தள்ளித் திறக்கிறார்களாம், தாழ்ப்பாளும் சரியாக விழாதாம். வகுப்பாசிரியரிடம் பேசிவிட்டேன். பெரிய பிள்ளைகளின் இடைவேளைக்கு முன்னாலேயே சின்னவர்களை அனுப்புகிறார்கள், தோழி ஒருத்தி கதவருகே நிற்கிறாள். தாழ்ப்பாளை மாற்றச் சொல்லி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், திங்கட்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.