சர்ச் பிரைமரி பள்ளியைச் சம்பளமில்லாத கவர்னர்களிடம் விடலாமா?

நதிக்கரையான்
இங்கிலாந்தில் நம்மவர்கள் பலரும் பிள்ளைகளைச் சர்ச் ஆஃப் இங்கிலாந்து, கத்தோலிக்க ஆரம்பப் பள்ளிகளில்தான் சேர்க்கிறோம். "கவர்னராக (பள்ளி நிர்வாகக் குழு உறுப்பினராக) வாருங்கள்" என்று கடிதம் வந்ததும் யோசிக்காமல் சரி சொல்பவர்களுக்காக இந்த இழை.

வாலண்டரி எய்டட், சுருக்கமாக விஏ, அதாவது சபை சார்ந்த, அரசு நிதியில் நடக்கும் ஒரு வகைப் பள்ளியில் கவர்னர் குழுவின் தலையில் இருக்கும் சுமை, மாலையில் வேலை முடிந்து வருகிற தன்னார்வலர்கள் தூக்கக்கூடியதல்ல. ஆசிரியர்களுக்கு முதலாளி கவுன்சில் இல்லை, இந்தக் குழுதான். சேர்க்கை விதிகளை எழுதுவதும் இவர்களே. பெரிய கட்டடப் பணிக்கு அரசு 90 சதவீதம் தரும், மீதி 10 சதவீதம் கவர்னர்கள் பொறுப்பு. 60,000 பவுண்டுக்கு பாய்லர் மாற்றினால் 6,000 பவுண்ட் தேட வேண்டும். பெற்றோருக்கு வரும் 'விருப்ப நன்கொடை' கடிதத்தின் பின்னணி பெரும்பாலும் இதுதான்.

மணிக்கூண்டு
அண்ணை, 10 சதவீதத்தைக் காட்டிப் பயப்படுத்தாதீர்கள். 1944 கல்விச் சட்டம் வந்தபோது இந்தப் பங்கு 50 சதவீதம். படிப்படியாகக் குறைந்து இங்கே வந்து நிற்கிறது. அந்தப் பங்குக்குப் பதிலாகத்தான் சமயக் கல்வி, சேர்க்கை, ஆள் தெரிவு எல்லாம் பள்ளிக்கூடத்தின் கையில் இருக்கின்றன.

கவர்னர் குழு சட்டப்படி தனி அமைப்பு. நேர்மையாகவும் நியாயமாகவும் நடந்த ஒருவரின் வீட்டையோ சேமிப்பையோ யாரும் கேட்க வரமாட்டார்கள். இவ்வளவு பாரம் வேண்டாம் என்பவர் வாலண்டரி கண்ட்ரோல்ட் (விசி) பள்ளிக்குப் போகலாம். அங்கே முதலாளியும் கவுன்சில்தான், சேர்க்கையும் கவுன்சில்தான்.

நதிக்கரையான்
வீடு போகும் என்று நான் சொல்லவே இல்லை. முடிவு எடுக்க ஆள் இருக்கிறார்களா என்றுதான் கேட்கிறேன். கணக்குப் போடுவோம். தலைமை ஆசிரியர் 1, ஆசிரியர் பிரதிநிதி 1, கவுன்சில் நியமனம் 1, பெற்றோர் 2. ஆக 5. ஃபவுண்டேஷன் கவர்னர்கள், அதாவது சபை சார்பில் வருபவர்கள், மற்றவர்களைவிட 2 பேர் கூடுதலாக இருக்க வேண்டும். ஆக 7. மொத்தம் 12.

அந்த ஏழில் நான்கு இடம் காலி என்று வையுங்கள். எட்டுப் பேர். அதில் பாதி, அதாவது 4 பேர் வந்தால் குவோரம் (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள்). நால்வரில் மூவர் கை தூக்கினால் முடிவு. ஒரு வகுப்பையே மூட மூன்று பேர் போதும். சபையின் பெரும்பான்மை காகிதத்தில்தான்.

குறிப்பேடு
கணக்கு சரி. காலி இடங்களைத் தள்ளிவிட்டு, பதவியில் இருப்பவர்களில் பாதிதான் குவோரம். இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்ட அறிவிப்பும் அஜெண்டாவும் ஏழு முழு நாட்களுக்கு முன் எல்லோருக்கும் போயிருக்க வேண்டும். அனுமதி வாங்காமல் ஆறு மாதம் கூட்டத்துக்கு வராதவர் பதவி இழக்கிறார். பதவி வழியாக உட்காரும் விகாருக்கு (சபைப் பாதிரியாருக்கு) இந்த விதி கிடையாது. அதனால்தான் வராத விகாரின் இடம் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும், காலி என்று அறிவிக்கவும் முடியாது.

மணிக்கூண்டு
காலி இடம் இருப்பது அமைப்பின் குற்றமா, ஆள் தேடாதவர்களின் குற்றமா? டயாசிஸும் (பிஷப்பின் மாவட்டம்) பிசிசியும் (சபை மன்றம்) ஞாயிறு ஆராதனை முடிவில் ஒரு அறிவிப்பு வாசித்துவிட்டுச் சும்மா இருந்தால் யார் வருவார்கள்? பேரங்காடியில் கணக்குப் பார்க்கிறவர், ஆஸ்பத்திரியில் ஆள் நிர்வாகம் பார்க்கிறவர் எல்லாரும் அந்த வாங்குகளில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். நேரில் போய்க் கேட்க வேண்டும்.

தேன்மொழி_78
குறுக்கே ஒரு கேள்வி. இந்துக்கள் நிற்கலாமா?

குறிப்பேடு
பெற்றோர் கவர்னராகத் தாராளமாக நிற்கலாம். மற்ற பெற்றோர்தான் ஓட்டுப் போடுகிறார்கள், மதத் தகுதி கிடையாது. கத்தோலிக்கப் பள்ளியில் ஃபவுண்டேஷன் கவர்னராக மட்டும் வர முடியாது. அவர்களை பிஷப் நியமிப்பார், வழிபாட்டைக் கடைப்பிடிக்கும் கத்தோலிக்கராக இருக்க வேண்டும். யாராக இருந்தாலும் பதவி ஏற்ற 21 நாளுக்குள் விரிவான டிபிஎஸ் (குற்றப் பின்னணி) சோதனைக்கு விண்ணப்பம் போயிருக்க வேண்டும்.

நதிக்கரையான்
சேர்க்கைக்கு வருவோம். நடைமுறையில் அதிகம் சொதப்புவது அங்கேதான். இடத்தைவிட விண்ணப்பம் கூடினால் மட்டுமே மத அளவுகோல். அதிலும் அரசுப் பராமரிப்பில் உள்ள பிள்ளைகளுக்குத் தனி முன்னுரிமை. 'தவறாமல் சர்ச்சுக்கு வருபவர்' என்று ஒரு வரி எழுதி வைப்பார்கள். வாரம் ஒருமுறையா, மாதம் ஒருமுறையா? பெற்றோரா, பிள்ளையா? எத்தனை மாதமாக? துணைப் படிவத்தில் கையெழுத்துப் போடும் பாதிரியார் ஒவ்வொருவரும் ஒவ்வொரு அர்த்தத்தில் போடுவார். சபைக்குக் கொடுத்த பணத்தைக் கணக்கில் எடுக்கவே கூடாது என்கிறது சேர்க்கைக் கோட்பாடு. பெற்றோரின் தொழிலையும் கேட்கக்கூடாது. இது தெரியாத தன்னார்வலர் பழைய படிவத்தை நகலெடுத்து ஒட்டுகிறார். யாரோ ஒரு பெற்றோர் மே 15க்குள் அட்ஜுடிகேட்டரிடம் (சேர்க்கைத் தகராறுகளைத் தீர்க்கும் அதிகாரி) ஆட்சேபம் எழுதினால் கதை முடிந்தது.

மணிக்கூண்டு
'மாதம் இருமுறையாவது, விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதம், பெற்றோரில் ஒருவராவது' என்று எழுதினால் போச்சு. இதற்குச் சம்பளம் வாங்கும் வக்கீல் வேண்டாம். டயாசிஸின் கல்வி வாரியம் மாதிரி வாசகம் தருகிறது. கேட்டு வாங்கவேணும், அவ்வளவுதான்.

நீங்கள் தொடாத விஷயம் ஒன்று இருக்கிறது. லண்டனில் இப்போது பிரச்சினை கூட்டம் இல்லை, பிள்ளைகள் குறைவதுதான். 60 இடமுள்ள ரிசெப்ஷனில் (பள்ளியின் முதல் வகுப்பில்) 44 பேர் வந்தால் என்ன செய்வீர்கள்? சின்ன வகுப்புக்கு ஒரு ஆசிரியருக்கு 30 பேர்தான் உச்சம், ஆக இரண்டு வகுப்பு நடத்தியே ஆகவேண்டும். பிள்ளைக்கு ஏறத்தாழ 5,000 பவுண்ட் என்று பார்த்தால் 16 காலிக் கதிரைக்கு 80,000 பவுண்ட் இல்லை. அக்டோபர் கணக்கெடுப்பில் குறைந்தது அடுத்த ஏப்ரல் பட்ஜெட்டில்தான் தெரியும். அந்தத் தெருவில் எந்த வீட்டுக்காரர் வாடகை தாங்காமல் வெளியே போகிறார், எந்தக் குடியிருப்பை இடிக்கப் போகிறார்கள் என்று முதலில் தெரிவது அங்கே வசிக்கிற கவர்னருக்குத்தான். சம்பளத்துக்கு வந்த நிர்வாகி அட்டவணையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.

நதிக்கரையான்
தெரிந்து என்ன பயன், நேரத்தில் செய்ய வேண்டுமே? 2028 செப்டம்பரில் 60 இடத்தை 30 ஆக்க வேண்டுமென்றால் 2026 அக்டோபர் 1க்கும் 2027 ஜனவரி 31க்கும் இடையில் ஆறு வாரமாவது கருத்துக் கேட்டாக வேண்டும். 2027 பிப்ரவரி 28க்குள் தீர்மானம். தவறவிட்டால் அட்ஜுடிகேட்டரிடம் சூழ்நிலை பெரிதாக மாறிவிட்டது என்று நிரூபித்துத் திருத்தம் கேட்க வேண்டும். வருடத்துக்கு மூன்று முழுக் கூட்டம் மட்டும் போடும் குழு ஜூலையில் கவலைப்பட்டு, மார்ச்சில் தீர்மானம் போட்டால்? ஒரு வருடம் போச்சு, 80,000 பவுண்டும் போச்சு.

மணிக்கூண்டு
மூன்று கூட்டம் சட்டத்தின் குறைந்தபட்சம். நிதிக் குழுவை நவம்பரில் கூட்டக்கூடாது என்று யார் தடுத்தது?

குறிப்பேடு
நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நல்ல எண்ணத்திலேயே நடக்கும் தவறு இது. ஒரு பெற்றோர் ஆசிரியர்மேல் புகார் எழுதுகிறார். தலைமை ஆசிரியர் வெளிப்படையாக இருக்க வேண்டுமென்று முழுக் கூட்டத்தில் அதை விவரமாகச் சொல்லிவிடுகிறார். பிறகு விசாரணைக் குழுவுக்கு விஷயம் தெரியாத மூன்று பேர் தேவை, மேல்முறையீட்டுக்கு இன்னும் மூன்று பேர். ஒருவர்கூட மிச்சமில்லை. பக்கத்துப் பள்ளியில் போய் கவர்னர்களைக் கடன் கேட்பதுதான் வழி. கூட்டத்தில் "ஒரு புகார் வந்துள்ளது, நடைமுறைப்படி நடக்கிறது" என்ற ஒரு வரி போதும். மினிட்ஸிலும் (கூட்டக் குறிப்பிலும்) அந்த ஒரு வரிதான்.

நதிக்கரையான்
பார்த்தீர்களா, இதைச் சொல்லித் தர கிளார்க் (குழுவின் செயலர்) வேண்டும். அவருக்குச் சம்பளம் உண்டு. தலைவருக்கு இல்லை.

மணிக்கூண்டு
கிளார்க்குக்குச் சம்பளம் கொடுப்பதை யார் எதிர்த்தது? ஓட்டுப் போடுகிறவர் சம்பளம் வாங்கக்கூடாது என்றுதான் சொல்கிறேன். தலைமை ஆசிரியரின் வேலையை மதிப்பிடுபவர் அந்தப் பள்ளிக்கூடத்திடமே பணம் வாங்கினால் கேள்வி கேட்பாரோ?

தேன்மொழி, நிற்பதாக இருந்தால் முதலில் மூன்று கேளுங்கள்: கடைசி மூன்று கூட்டங்களின் மினிட்ஸ், காலி இடப் பட்டியல், மூன்று வருட பட்ஜெட். மினிட்ஸில் கவர்னர் கேட்ட கேள்வியும் தலைமை ஆசிரியரின் பதிலும் இல்லாமல், "அறிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று மட்டும் இருந்தால் யோசியுங்கள்.

நதிக்கரையான்
நான்காவதாக ஒன்று: ஆசிரியர் பணிநீக்க விவகாரம் வந்தால் பள்ளிக்கு ஆலோசனை சொல்வது யார், அந்த ஒப்பந்தம் எப்போது முடிகிறது. பதில் வரவில்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். இதில் மணிக்கூண்டும் என்னோடு ஒத்துப்போவார் என்று நினைக்கிறேன்.

மணிக்கூண்டு
ஓம், இதில் மட்டும்.