கிடங்கு, கிட்டங்கி, குடோன்

சரக்கு அனுப்பும் வேலை என்பதால் இந்தச் சொல் போகிற இடமெல்லாம் எதிர்ப்படுகிறது. இந்தோனேசியாவில் சுரபாயா துறைமுகப் பக்கம் சுவருக்குச் சுவர் 'குடாங்' என்று எழுதி, கீழே எண் போட்டிருப்பார்கள். எங்களைக் கூட்டிப்போன ஓட்டுநர் சட்டைப்பையிலும் அதே சொல்தான்: 'குடாங் காரம்', கிராம்பு மணக்கும் சிகரெட். உப்புக் கிடங்கு என்று பொருள். அங்கே 'காரம்' என்றால் உப்பு, நம் நாக்கு கொஞ்சம் குழம்பத்தான் செய்யும். பாங்காக்கில் கோடாங், வட இந்தியாவில் கோதாம்.

இந்தியாவில் ஆங்கிலேயர் புழங்கிய சொற்களுக்காக 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, ஆங்கிலத்துக்கு இது மலாய் வழியாகப் போனது என்கிறது. மலாய்க்குப் போனது தெலுங்கு கிட்டங்கியிலிருந்தோ தமிழ்க் கிடங்கிலிருந்தோ. சரக்கு கிடக்கும் இடம். உடனே "எல்லாம் தமிழ்தான்" என்று கிளம்புகிறவர்களுக்கு: எந்தக் கரையிலிருந்து கப்பலேறியது என்று யாரும் அறுதியிட்டுச் சொல்லிவிட முடியாது, தெலுங்குக்காரர்களுக்கும் பங்கு உண்டு. அப்புறம் ஆங்கிலக்காரன் வாயில் புகுந்து 'குடோன்' ஆகி நம்மிடமே திரும்பி வந்ததுதான் வேடிக்கை. எங்கள் லாரி ரசீதில் இன்றைக்கும் குடோன் என்றுதான் அச்சடிக்கிறார்கள்.

என்னை உண்மையில் யோசிக்க வைத்தது யாழ்ப்பாணம். நண்பர் வண்டி ஓட்டிக்கொண்டே, "றோட்டெல்லாம் ஒரே கிடங்கு அண்ணை" என்றார். வெளியே பனையும் வேலியும்தான். வண்டி ஒரு குலுங்கு குலுங்கியதும் விளங்கிவிட்டது. வீட்டுக்குப் போனால் அவர் அப்பா, வாழைக்குட்டி வைக்கக் 'கிடங்கு' வெட்டிக்கொண்டிருக்கிறார். குழி! மதுரைக்காஞ்சியில் 'மணிநீர்க் கிடங்கு' என்று வருவது மதுரைக் கோட்டையின் அகழி. பண்டகசாலைப் பொருளை மட்டும் பிடித்துக்கொண்ட நம்மைவிட, அந்தப் பழைய பொருளுக்குப் பக்கத்தில் நிற்பவர் அந்தப் பெரியவர்தான்.

இன்னொரு கிளை சிங்கப்பூரில். மார்க்கெட் தெருவில் நகரத்தார் வட்டிக்கடை நடத்திய கட்டடங்களுக்கு 'கிட்டங்கி' என்று பெயர். சரக்குக்குப் பதில் ஆட்கள் தங்கினார்கள்: கீழே வரிசையாகப் பெட்டியடி, அதாவது பணப்பெட்டியோடு உட்கார்ந்து தொழில் பார்க்கும் இடம்; ஒவ்வொரு பெட்டியும் ஒரு தொழில். அந்தத் தெருவில் இப்போது அவை இல்லை. திருநெல்வேலிப் பக்கம் மட்டும் நெல்லுக்கும் வத்தலுக்கும் இன்னும் கிட்டங்கிதான். அங்கே குடோன் என்று கேட்டாலும் சரக்கை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.